கால் மணி நேர எரிபொருள்

அன்புள்ள ராகவா,

இங்கு அனைவரும் நலம். பதில் தாமதமானதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளை நீயே நிரப்பிக்கொள். உன் கடிதத்தின் மற்றச் செய்திகளைப் பிறகு பார்ப்போம். பங்கு போட்டு வாங்கிய செஸ்னா 172 சிறுவிமானத்தில் "கால் மணி நேர எரிபொருளோடு வந்து இறங்கினேன்" என்று நீ பெருமையடித்துக்கொண்ட அந்த ஒரு வரிதான் என்னை உறங்கவிடவில்லை. சங்கரனிடம் படித்துக் காட்டினேன். அவர்கூடச் சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

கால் மணி நேரம் என்பது எவ்வளவு? அந்த இயந்திரம் மணிக்கு முப்பது லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும் என்றால், உன்னிடம் இருந்தது எட்டு லிட்டர். அதுவும் இரண்டு இறக்கைகளில் பிரிந்து, ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் அலம்பிக்கொண்டிருந்தது. அமெரிக்க விதிகள் கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே வழியறிந்து, பறப்பவர்களுக்கே பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கப் போதுமான எரிபொருள் இருப்பு கேட்கின்றன. அது போகட்டும், கால் மணி நேரம் என்று உனக்கு யார் சொன்னது? விமானக் கையேட்டின் கணக்கு என்றால், அது எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையில் எரிபொருளை முறைப்படி குறைத்து மெலிதாக்கிப் பறப்பவருக்கு எழுதப்பட்டது. நீயோ கலவையை மாற்றும் அந்தக் குமிழைத் தொடவே யோசிப்பவன். எதிர்க்காற்றும் கையேட்டைப் படித்துவிட்டு வீசுவதில்லை. எரிபொருள்மானியை நம்பாதே என்று விமானிகள் சொல்வது பாதி உண்மைதான்: நீ எதிர்பார்த்ததைவிட அது குறைவாகக் காட்டினால், அதனோடு வாதாடாமல் அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்கிவிடுவதே முறை.

"அனுபவம் இருக்கிறது" என்பாய். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்தேன். 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுவிமான விபத்துகள் எரிபொருளைச் சரியாகக் கையாளாததால் நேர்ந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தொட்டி முழுவதும் வற்றியவை. அவ்விமானிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வணிக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ பெற்றவர்கள், பயிற்சி மாணவர்கள் வெறும் இரண்டு விழுக்காட்டினர். மாணவன் பயந்து தொட்டிக்குள் குச்சி விட்டு அளக்கிறான். நீங்களெல்லாம் மனத்தால் அளக்கிறீர்கள்.

அடுத்ததாக நீ கண் வைத்திருக்கும் பைப்பர் செரோக்கி விமானம் வேறு கவலை. அதில் இரண்டு தொட்டிகளும் ஒருசேர ஊட்டும் நிலை கிடையாது. நீயே நினைவாக மாற்ற வேண்டும், மறந்தால் ஒரு தொட்டி நிறைந்திருக்கையிலேயே இயந்திரம் நின்றுபோகும். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் மான்டெரே விரிகுடாவில் இறந்தது தொட்டி மாற்றும் முயற்சியில்தான். அவர் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈசி விமானத்தில் தொட்டி மாற்றும் திருகு தோளுக்குப் பின்னால் இருந்தது. புறப்படுமுன் எரிபொருள் நிரப்பவும் வேண்டாம் என்றிருக்கிறார்.

எனவே இனி ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் குச்சி காட்டிய அளவையும், இறங்கியபின் மீண்டும் நிரப்பிய லிட்டரையும், பறந்த நேரத்தையும் எழுதி எனக்கு அனுப்பு. உன் விமானம் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை இரண்டு மாதத்தில் நான் சொல்கிறேன். அதுவரை ஒரு மணி நேர இருப்புக்குக் கீழே போகாதே. இதற்கு "சரி" என்ற ஒரு சொல் வந்த பிறகுதான் உன் மற்றக் கேள்விகளுக்குப் பதில்.

அன்புடன்,
முரளி