சாமித்தட்டில் உன் பென்டிரைவ்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். கல்லடியில் மூன்று நாளாக மழை விடவில்லை. கிணற்றில் கைக்கெட்டும் தண்ணீர். நீ போன மறுநாள் அறையைக் கூட்டியபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்று அம்மா ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பென்டிரைவ் என்று சொல்லிவைத்தேன். உன் படிப்பெல்லாம் அதற்குள் இருக்குமே, தொலைந்துவிடக் கூடாதே என்று சாமித்தட்டில், மாமாங்கத்து விபூதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மாம்பழ வாசம் வருகிறது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமியின் சின்னவன் வந்திருந்தான். இந்த மின்சிகரெட்டைப் பற்றிப் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். புகை நாறாதாம், வீட்டில் பிடிபடாதாம், கூட்டாளி நீட்டும்போது மறுத்தால் சின்னப்பிள்ளை என்பானாம். இதற்காகத்தான் தொடங்குகிறார்களாம். அவன் தொடுவதில்லை, பந்தடிக்கிறவனுக்கு மூச்சு வேண்டும் என்கிறான். நீயும் பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிற்காமல் ஓடியவன்தான். எங்கள் ஒழுங்கையிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பிள்ளை. உனக்குத் தெரியாததை நான் என்ன சொல்ல?

சிகரெட்டின் முதல் இழுப்பு தொண்டையை எரிக்கும். அந்த இருமலுக்குப் பயந்தே விட்டவர்கள் உண்டு. இப்போது பழச்சுவையும் குளிர்ச்சியும் சேர்த்து அந்த எரிச்சலைத் தணித்துவிட்டார்கள். ஆனால் நிக்கொட்டின் உள்ளே போகத்தான் செய்கிறது. 25 வயதுவரை மூளை வளர்கிறதாம். உனக்கு 22. நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண்விழிக்காதே.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. 2010இல் உனக்கு ஏழு வயது. முடக்குக் கடைக்கு உன்னைத்தான் அனுப்புவேன். இரண்டு சிகரெட்டையும் கோழிக்குஞ்சை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நசுங்காமல், மெல்ல மெல்ல நடந்து வருவாய். மிச்சக் காசுக்கு உனக்கு டொபி. வீட்டுக்கு வந்தவர்களிடம், “பார், என் மகன் எவ்வளவு கவனம்” என்று புகையை விட்டபடி சொன்னவன் நான். அம்மா அப்போதே தடுத்தாள். அவளையும் ஏசினேன். பிறகு நெஞ்சுநோ வந்து நான் விட்டது உனக்குத் தெரியும். உன்னை அனுப்பியதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

பொங்கலுக்கு உதயதேவி ரயிலில் இடம் பார்த்துப் போடு. பென்டிரைவைத் தபாலில் அனுப்பிவிடுங்கள், பிள்ளைக்குத் தேவைப்படும் என்று அம்மா நச்சரிக்கிறாள். தபாற்கந்தோர் பூட்டியிருந்தது என்று இன்றோடு மூன்றாவது தடவையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா