அழுகையோடு வெட்டிவிடாதீர்கள்: நமஹகே காணொளி போடும் தமிழ்ச் சேனல்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேனல் நண்பர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் கடைசியானால் சுற்றுக்கு வரும் அந்தக் காணொளி இந்த வருஷமும் வந்துவிட்டது. கதவு படாரென்று திறக்கும். வைக்கோல் போர்த்திய இரண்டு உருவங்கள் உறுமிக்கொண்டு உள்ளே நுழையும். ஒரு குழந்தை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டு அழும். சிவப்பு முகமூடி குனிந்து அதன் காலைப் பிடிக்கும். அங்கேயே படம் நின்றுவிடும். மேலே "குழந்தைகளைக் கதறவிடும் ஜப்பான் பேய்த் திருவிழா" என்று கொட்டை எழுத்து. கீழே அந்தப் பெற்றோருக்கு வரிசையாகச் சாபம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அழுகையோடு வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் நடப்பதைச் சேர்த்துக் காட்டுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் முகத்தையாவது மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அகிதா மாகாணத்து ஓகா தீபகற்பத்தில் டிசம்பர் 31 இரவு நடக்கும் நமஹகே சடங்கு அது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய நாட்காட்டிப்படி முதல் மாதம் 15-ஆம் நாள் நடந்துகொண்டிருந்தது, பிறகு வருஷக் கடைசிக்கு மாறியது. 1811-இல் அந்தப் பக்கம் போன சுகாயே மசுமி என்ற பயணி அதை நேரில் பார்த்து எழுதி, படமும் வரைந்து வைத்திருக்கிறார். 1978-இல் ஜப்பான் அரசு அதை முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2018-இல் யுனெஸ்கோ, இதையும் இதுபோன்ற ஒன்பது சடங்குகளையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றியது. யுனெஸ்கோ பட்டியலில் அவற்றுக்குப் பொதுப்பெயர் 'ராய்ஹோ-ஷின்'. தேடி வரும் தெய்வம் என்று பொருள். உங்கள் தலைப்பில் அது 'பேய்' ஆகிவிட்டது.

கதவு திறக்கும் முன் நடப்பதைப் பாருங்கள். வேடம் கட்டி வருபவருக்கும் நமஹகே என்றே பெயர். நமஹகே யார் வீட்டிலும் சொல்லாமல் நுழைவதில்லை. 'சகிதாச்சி' என்றொருவர் வேடமில்லாமல் முன்னால் வருவார். வீட்டுப் பெரியவரைப் பார்த்து வாழ்த்துச் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்பார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் போவதில்லை. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். சரி என்ற பிறகுதான் வெளியே பனியில் நிற்பவர்களுக்குச் சைகை போகும். பிள்ளை அந்த வருஷம் என்னென்ன செய்தது என்பதையும் பெற்றோரே முன்கூட்டிச் சொல்லி வைத்திருப்பார்கள். நமஹகே கையில் இருக்கும் பேரேட்டில் அது எழுதியிருக்கும்.

நமஹகே கையில் இருக்கும் கத்திக்கும் ஒரு கதை உண்டு. "பிள்ளையை வெட்ட வரும் கத்தி" என்று ஒரு காணொளியில் அம்புக்குறி போட்டிருந்தது. குளிர்காலத்தில் வேலைக்குப் போகாமல் அடுப்பங்கரையிலேயே கால்நீட்டி உட்கார்ந்திருந்தால், அனல் பட்டுப் பட்டு முழங்காலுக்குக் கீழே சிவந்த தழும்புகள் விழும். ஓகா பேச்சில் அதற்கு 'நமொமி' என்று பெயர். அதை உரித்தெடுப்பதுதான் 'நமொமி ஹகி'. நமஹகே என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்கிறார்கள். சோம்பேறிக் காலில் படிந்த தழும்பைச் சீவத்தான் கத்தி. சீவியதைப் போட்டுக்கொள்ளத்தான் கையில் மரவாளி. கத்தியும் பெரும்பாலும் மரத்தில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியதுதான். சடங்குக்கே அர்த்தம் தரும் பொருள் அந்த மரவாளிதான். உங்கள் படச்சட்டத்துக்குள் அது விழுவதே இல்லை.

உறுமலும் கண்டபடி போடும் கூச்சல் இல்லை. ஷின்ஸான் ஊர் முறைப்படி, உள்ளே வந்ததும் ஏழு முறை தரை அதிர மிதிக்க வேண்டும். அழுகிற பிள்ளை இருக்கிறதா, சோம்பேறி இருக்கிறானா, பெரியவர் சொல் கேட்காத பிள்ளை எங்கே என்று கேட்டபடி வீட்டைச் சுற்றி வருவார்கள். மருமகள் காலையில் சீக்கிரம் எழுகிறாளா என்றும் கேட்பார்கள், பெரியவர்களையும் விடுவதில்லை. பிறகு வீட்டுக்காரர் சமாதானம் சொல்லி உணவுப் பலகைக்கு அழைப்பார். உட்காரும் முன் ஐந்து மிதி. சாக்கே என்ற அரிசி மது ஊற்றி, சாப்பாடு வைத்து, விளைச்சல் எப்படி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று பேச்சு நடக்கும். பேரேட்டைப் பிரித்து நமஹகே ஒவ்வொன்றாகக் கேட்க, வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பரிந்து பதில் சொல்லுவார். எழுந்தவுடன் மூன்று மிதி. ஏழு, ஐந்து, மூன்று. எண்ணிக்கை தவறினால் சடங்கில் குறை. போகும்போது, பிள்ளை சொல் கேட்காவிட்டால் மலையைப் பார்த்து மூன்று முறை கைதட்டுங்கள், எப்போது வேண்டுமானாலும் இறங்கி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

உங்கள் காணொளி ஏழு மிதியோடு முடிந்துவிடுகிறது. ஐந்தும் மூன்றும் இல்லை. அப்பா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இவன் நல்ல பிள்ளை, இனிமேல் சொன்ன பேச்சுக் கேட்பான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாதாடுவதுதான் இந்தச் சடங்கின் நடுப்பகுதி. மலையிலிருந்து இறங்கிவரும் அவ்வளவு பெரிய உருவத்துக்கு முன்னால், நமக்காக நிற்க ஒருவர் இருக்கிறார் என்று பிள்ளை கண்ணால் பார்க்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு அழுகையை மட்டும் வைத்தால், பிள்ளையைப் பேயிடம் கொடுத்த அப்பாவாக அவர் தெரிகிறார். அவரைத்தான் உங்கள் நேயர்கள் கீழே வைகிறார்கள்.

அவர்கள் போன பிறகு தரையைப் பார்க்க வேண்டும். உடம்பில் போர்த்திய நெல் வைக்கோல் உடைக்கு 'கெதே' என்று பெயர். ஊர்க்காரர்கள் புதிதாகப் பின்னி எடுப்பது. மிதிக்க மிதிக்க அதிலிருந்து வைக்கோல் தாள் உதிரும். உதிர்ந்த தாளில் ஒன்றை எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள், வருஷம் முழுக்க நோய் அண்டாது என்று. தானாக விழுந்ததற்குத்தான் அந்தப் பலன், பிடித்து இழுத்துப் பிய்த்ததற்குக் கிடையாது. அன்றிரவு பெருக்காமல் விட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. சற்றுமுன் அலறிய பிள்ளை, கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயாமல், தலையில் வைக்கோல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தப் படத்தை ஒரு சேனலாவது முகப்பில் வைத்திருக்கிறதா?

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓகா பெருநகரம் அல்ல, கடலோரச் சிற்றூர்கள் சேர்ந்தது. யார் வீட்டுக் கூடம், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். வாய் கோணி மூக்கொழுக அழும் மூன்று வயது முகத்தை நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, மேலே சிரிப்புப் பொம்மை ஒட்டி வைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதும் அது அங்கேயே இருக்கும், பதினைந்திலும் இருக்கும். பக்கத்து வீட்டார் கண்முன் அழுத அழுகை வேறு. நாளைக்கு அவர்களே அதைச் சொல்லிச் சிரித்து, தோளில் தட்டுவார்கள். முகம் தெரியாத லட்சம் பேர் பார்க்க நிறுத்திவைத்த அழுகையை யார் தோளில் தட்டி ஆற்றுவது? நம் வீட்டுப் பிள்ளை பூச்சாண்டிக்குப் பயந்து அழும்போது எடுத்த படத்தை ஜப்பான்காரர் ஒருவர் இப்படிப் போட்டால் பொறுப்போமா? உங்களிடம் மரியாதையாகவே கேட்கிறேன், அந்த முகத்தை மறையுங்கள்.

குழந்தையைப் பயமுறுத்துவது சரியா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வீடு வீடாகச் சாக்கே குடித்து அளவு மிஞ்சித் தவறாக நடந்தவர்கள் அங்கேயும் உண்டு. பயம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்பதும் உண்மை. அதைப் பற்றிப் பேச விரும்பினால் சடங்கை முழுதாகக் காட்டிவிட்டுப் பேசுங்கள். பாதியைக் காட்டிவிட்டு முழுதுக்கும் தீர்ப்புச் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். நமஹகே என்று பெயர் போட்டு, ஆட்டுக்கொம்பும் நீண்ட நாக்கும் வைத்த கிராம்புஸ் படத்தை ஒட்டியிருக்கிறீர்கள். கிராம்புஸ் ஆல்ப்ஸ் மலைநாட்டு வழக்கம். டிசம்பர் 5 மாலையில் புனித நிக்கோலஸின் துணையாக, இடுப்பில் மணியும் கையில் பிர்ச் விளாறுமாக வருவது. ஷின்ஸான் நமஹகேவுக்குக் கொம்பே கிடையாது. ஓகாவிலேயே ஊருக்கு ஊர் முகமூடி மாறும்: மரத்தில் குடைந்தது, மூங்கில் கூடைமேல் காகிதம் ஒட்டியது, தேவதாருப் பட்டையில் செய்தது, தகரத்தில் செய்தது. சில ஊர்களில் சிவப்பு முகம் கிழவன், நீல முகம் கிழவி, இருவரும் தம்பதி. மியாகோ தீவில் உடம்பெல்லாம் சேறு பூசி வரும் பாந்துவையும் இதே காணொளியில் சேர்த்துவிட்டீர்கள். அது அங்கே குளிர்காலச் சடங்கே இல்லை. அந்தச் சேறு மேலே படுவது பாக்கியம் என்று அவர்கள் நம்புகிறார்கள். ககோஷிமா பக்கத்துத் தொஷிதோனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுவும் டிசம்பர் 31 இரவுதான். மிரட்டி முடித்து, பிள்ளையைப் பாராட்டி, மோச்சி என்ற பெரிய அரிசி அப்பம் ஒன்றை அதன் முதுகில் ஏற்றிவிட்டுப் போகும். அதில் அழுகையைவிடப் பாராட்டு அதிகம் என்பதால்தான் விட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.

குலசேகரன்பட்டினம் தசராவில் விரதம் இருந்து, மாலை போட்டுக் காளி வேடம் கட்டுகிறவரைப் 'பேய் வேஷக்காரர்' என்று யாராவது எழுதினால் நமக்குக் கோபம் வரும். வேடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓகாவில் பல ஊர்களில் வேடம் கட்ட இளைஞர் இல்லாமல் நமஹகே நின்றே போய்விட்டது. கதவைத் திறக்கும் வீடுகளும் குறைந்து வருகின்றன. மிச்சம் இருப்பவர்களைப் பற்றித் தமிழில் பரவுவது பாதிப் படமாக இருக்க வேண்டாம்.

இப்போது இருக்கும் காணொளிகளுக்கு உடனே செய்யக்கூடியது இவ்வளவுதான். முகப்புப் படத்தில் பிள்ளை முகத்தை எடுத்துவிட்டு முகமூடியை வையுங்கள். காணொளிக்குள் முகம் வரும் இடங்களை மங்கலாக்குங்கள். தலைப்பில் ஓகா என்ற ஊர்ப் பெயரைப் போடுங்கள், 'பேய்' என்பதை எடுங்கள். சகிதாச்சி அனுமதி கேட்பதற்கு ஐந்து விநாடி, அப்பா பரிந்து பேசுவதற்குப் பத்து விநாடி, தலையில் வைக்கோல் கட்டுவதற்கு ஐந்து விநாடி. கூட்டினால் இருபதுதான் வருகிறது. உங்களிடம் அந்தப் பகுதிகள் இல்லையென்றால் குரலிலாவது சொல்லுங்கள். அடுத்த டிசம்பர் 31-க்குள் இதைச் செய்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். பணிந்தே கேட்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நேயர்களில் ஒருவர்