ஆண்டறிக்கை: வீடு திரும்பிய பிறகு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காசநோயாளிகள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, அந்தக் காலத்தில் அவர்களுக்கு யார் துணை நின்றார்கள் என்பதை இந்த ஆண்டு படித்துப் பேசலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதன்படி மாதந்தோறும் கூடினோம்.

எடின்பரோவில் ராபர்ட் பிலிப் 1887இல் தொடங்கிய காசநோய் மருந்தகத்திலிருந்து ஆரம்பித்தோம். அங்கே நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வீட்டுக்கே ஆள் போய், ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், காற்று வருகிறதா, வேறு யாருக்கும் இருமல் உண்டா என்று பார்த்தார்கள். காசநோய்க்குப் பலன் தந்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த காலம் அது.

பாப்வொர்த் பற்றிப் பேச ஒரு கூட்டம் போதவில்லை. காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தில் தேறியவர் பழைய வேலைக்கும் பழைய வீட்டுக்கும் போனால் மறுபடி படுத்துவிடுகிறார் என்று கண்ட மருத்துவர் பென்ட்ரில் வேரியர்-ஜோன்ஸ், 1918இல் இங்கிலாந்தின் அந்தக் கிராமத்தில் ஒரு குடியிருப்பை அமைத்தார். தச்சுப்பட்டறை, தோல் பெட்டி செய்யும் இடம், அச்சகம் எல்லாம் இருந்தன. உடம்பு தாங்குகிற நேரம் மட்டும் வேலை, அதற்குக் கூலி, குடும்பத்தோடு தங்க வீடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கேயே தங்கிவிட்டவர்களை வெளியூர் மறுபடி ஏற்றுக்கொண்டிருக்குமா என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று ஓர் உறுப்பினர் தம் தந்தையின் நோட்டைக் கொண்டுவந்தார். சானடோரியத்தில் வாரா வாரம் எடுத்த எடை, பென்சிலில். வீட்டுக்கு வந்த பிறகும் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் எடை இல்லை. "வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று மட்டும் இருந்தது. அடுத்த பக்கங்களில் எடை இறங்கிக்கொண்டே போகிறது. நோட்டு கைமாறிச் சுற்றி வந்து முடியும்வரை யாரும் பேசவில்லை.

அப்புறம், 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. குணமாக்கியது மருந்து. அதை நடுவில் விட்டுவிடாமல் இருக்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நம் சங்கம் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வேலையைத்தான் என்று செயற்குழு கருதுகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 1904இல் டென்மார்க் அஞ்சல் ஊழியர் ஐனார் ஹோல்பொல் தொடங்கிய, கடிதங்களில் ஒட்ட விற்று நிதி திரட்டும் கிறிஸ்துமஸ் முத்திரை போல, சிறு தொகைக்கு ஓர் ஒட்டுவில்லை அச்சிட்டு நிதி திரட்டலாம் என்பது பொருளாளரின் யோசனை.

மருந்து முடித்த ஒவ்வொருவரையும் ஓராண்டு வரை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, வேலை போனவருக்காக முதலாளியிடம் நாமே நேரில் பேசுவது என்ற இரண்டு தீர்மானங்களை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நோட்டைக் கொடுத்துதவிய உறுப்பினருக்கு நன்றி.

செயலாளர்