கேலி என்றொரு ஆட்டம்

கிளாஸ்கோ,
ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

அநேக வணக்கம். நான் இங்கே நலம். நீங்களும் சின்னவளும் சௌக்கியம் என்று அம்மா போனில் சொன்னாள். மாமாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே கோடை. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு கல்யாணம். என்னோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு. அதில் பாட்டுப் போடும் பொறுப்பு முழுவதும் என்னுடையது. அதற்குக் காரணம் நீங்கள்தான் அத்தை. ஒரு நைட் டியூட்டியில் நம் ஊர்க் கல்யாணம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். தவில்காரர் கண் புரோகிதர் கையின் மேலேயே இருக்கும், அவர் விரலை அசைத்ததும் கெட்டி மேளம் என்று சொன்னேன். மாலை மாற்ற ஒரு பாட்டு, ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு உண்டு, நலங்கில் எங்கள் அத்தை சம்பந்தி வீட்டாரை வம்புக்கிழுத்துப் பாடுவார், அவர்களும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள் என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். "என் கல்யாணத்துக்கும் அந்த மாதிரி நேரத்துக்கு ஒன்றாக நீயே வைத்துக்கொடு. ஆனால் எல்லாம் விளையாட்டாக, வேடிக்கையாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இங்கே கல்யாணம் சர்ச்சில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. கடவுள் பெயர் சொல்லாமல், மனிதநேய அமைப்பைச் சேர்ந்த ஒருவர் நடத்திவைத்தாலும் ஸ்காட்லாந்தில் 2005 முதல் சட்டப்படி செல்லும். இவர்களுடையதும் அப்படித்தான். ஊருக்கு வெளியே ஒரு பண்ணை, அதில் வைக்கோல் போர் அடுக்கிவைத்த பழைய கொட்டகையைத்தான் இப்போது மண்டபமாக்கியிருக்கிறார்கள். அறுபது பேர்.

வாசலில் பைப்பர் நின்று வாசித்தார். தோலில் செய்த பையைக் கக்கத்தில் இடுக்கி வாசிக்கிறார்களே, அந்தப் பேக்பைப். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. விரல் ஓடுவது நாலாவது குழலில். அந்த மூன்றும் வேறொன்றுமில்லை, நம் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவாரே ஒத்துக்காரர், அதேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது கும்பகோணத்தில் ஏதோ ஒரு மண்டப வாசலில் நிற்பதுபோல இருந்தது. வாசித்து முடித்ததும் அவரிடம் போய்ப் பேசினேன். குழலுக்குள் இருக்கும் நாணல் நாக்கை எடுத்துக் காட்டினார். நம் நாதஸ்வரச் சீவாளிக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது.

பெண் நடந்து வருவதற்கு என்ன பாட்டு என்பதில்தான் முதல் சிக்கல். இங்கே வழக்கமாக வாசிப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் லோஹன்கிரின் என்ற பாட்டு நாடகத்தில் (ஓபரா) வரும் மணப்பெண் கோரஸ். 1850-இல் மேடையேறியது. அந்தக் கதையில் இந்தப் பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் கல்யாணமே முறிந்துவிடுகிறது. அது வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் அவள் ஆசைப்பட்டது சர்க்கஸில் கோமாளி வரும்போது வாசிப்பார்களே, அந்த மெட்டு. செக் நாட்டுக்காரர் யூலியஸ் ஃபூச்சிக் 1897-இல் ராணுவ வாத்தியக் குழுவுக்காக எழுதிய மார்ச் அது. வாள்வீரர்கள் அரங்கத்துக்குள் நுழைவதற்கென்று எழுதினார், சர்க்கஸ்காரர்கள் வேகத்தைக் கூட்டித் தமதாக்கிக்கொண்டார்கள்.

ஒத்திகைக்கு அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். மெட்டைப் போட்டதும் இரண்டடி வைத்தார், நின்றுவிட்டார். "இதற்கு என்னால் நடக்க முடியாதம்மா" என்றார், அவ்வளவுதான். கை லேசாக நடுங்கியது. அவளும் ஒன்றும் பேசவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நம் வீட்டில் பெரியவர்கள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது. தாலி ஏறும்வரை யாரும் கிண்டல் பாட்டுப் பாடுவதில்லை. தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவர் அழுதால் அழட்டும் என்று விட்டுவிடுகிறோம். தேங்காய் உருட்டுவதும் அப்பளம் உடைப்பதும் சம்பந்தியை வம்புக்கிழுப்பதும் எல்லாம் முடிச்சு விழுந்த பிறகுதான். இதை அப்படியே அவளிடம் சொன்னேன். பாட்டை மாற்ற வேண்டாம், வைக்கும் இடத்தை மாற்றுவோம் என்றேன்.

அதன்படி, அப்பாவும் பெண்ணும் ஒற்றை ஃபிடிலுக்கு நடந்து வந்தார்கள், மெதுவான ஒரு மலைநாட்டு மெட்டு. அவர் நேராக முன்னே பார்த்தபடி நடந்தார். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. நான் மூலையில் லேப்டாப்பில் விரலை வைத்துக்கொண்டு, நடத்திவைப்பவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையசைத்ததும் ஃபிடிலைக் குறைத்தேன். தவில்காரருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது அத்தை.

மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் கையெழுத்து. மணமக்கள், நடத்திவைத்தவர், இரண்டு சாட்சிகள் என்று ஐந்து பேர் போட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அதுவரை மற்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். விளையாட்டை அங்கே ஆரம்பித்தேன். ஜிக் என்று ஒரு ஆட்ட மெட்டுப் போட்டேன், நம் திஸ்ர நடை மாதிரி தகிட தகிட என்று துள்ளும். இரண்டாவது வரிசைக் குழந்தைகள் எழுந்து குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இருவரும் கைகோத்து வெளியே போகும்போது வாசிப்பது மெண்டல்சனின் கல்யாண மார்ச். 1842-இல் ஒரு நாடகத்துக்காக எழுதியது. 1858-இல் விக்டோரியா ராணியின் மூத்த மகள் தன் கல்யாணத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. அதை நாங்கள் லேப்டாப்பில் போடவில்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு காஸூ வைத்திருந்தோம். விரல் நீளத்தில் ஒரு தகரக் குழல், மேலே மெல்லிய சவ்வு. ஊதினால் சத்தம் வராது, உள்ளே பாட்டை முனக வேண்டும். வண்டு ரீங்கரிப்பது போல வரும். அறுபது பேரும் ஒரே சமயத்தில் அந்த மார்ச்சை முனகினார்கள். ஒருவருக்கும் சுருதி சேரவில்லை, ஒருவரும் கவலைப்படவும் இல்லை. பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே காஸூ வாசித்தார். எனக்கு அது கெட்டி மேளமாகத்தான் கேட்டது.

சர்க்கஸ் மெட்டையும் விடவில்லை. சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேர் கில்ட் (இங்கே ஆண்கள் கட்டும் பாவாடை) அணிந்து வரிசையாக உள்ளே வந்தார்கள், அப்போது போட்டேன். மேஜைகளைத் தட்டித் தட்டியே அவர்களை வரவேற்றார்கள். கேக் வெட்டுவதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் அத்தை, நீங்கள் அவசியம் பார்த்திருக்க வேண்டியது. சாயங்காலம் இவர்கள் ஆடும் கூட்டு ஆட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? கேலி! கேலிக் மொழிச் சொல். உறவும் அக்கம்பக்கமும் கூடிப் பேசி, பாடி, ஆடுவது என்று பொருள். நம் கேலிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாதுதான், ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நலங்குதான் ஞாபகம் வந்தது. ஃபிடில், அக்கார்டியன், டிரம். ஒருவர் முன்னே நின்று, முதலில் இசை இல்லாமல் அடிகளைச் சொல்லித்தருகிறார். அதனால் புதிதாக வந்தவர்கள்கூட ஆடிவிடலாம். 'ஸ்ட்ரிப் தி வில்லோ' என்று ஒரு ஆட்டம். ஆண்களும் பெண்களும் எதிரெதிரே இரண்டு வரிசையாக நிற்பார்கள். முதல் ஜோடி சேர்ந்து சுழன்று, வரிசையில் இருக்கும் ஒவ்வொருவருடைய முழங்கையையும் பிடித்து ஒரு சுற்று, மறுபடி தங்களுக்குள் ஒரு சுற்று என்று கடைசி வரை போக வேண்டும். நம் பின்னல் கோலாட்டத்தை வேகமாக ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மாப்பிள்ளையின் பாட்டி என் முழங்கையைப் பிடித்துச் சுழற்றிய சுழற்றில் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

கடைசியில் எல்லாரும் வட்டமாக நின்று, ராபர்ட் பர்ன்ஸ் 1788-இல் எழுதிவைத்த பழைய நட்புப் பாட்டைப் பாடினார்கள். கடைசிச் சரணத்துக்குத்தான் கைகளைக் குறுக்காக மாற்றிக் கோத்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு அதுதான் மங்களம். எனக்கு வார்த்தை பாதி தெரியாது, கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவையும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. தை மாதம் சின்னவள் கல்யாணத்துக்கு டிஜேவும் செண்டை மேளமும் ஏற்பாடு செய்தாகிவிட்டதாம். நலங்குக்கு நீங்கள் பாடப்போவதில்லை, தொண்டை போய்விட்டது என்று சொல்லிவிட்டீர்களாம். அம்மா சொன்னாள். அத்தை, நீங்கள் பாட வேண்டும். அம்மா கல்யாணத்தில் அப்பாவின் மூக்கைப் பற்றி நீங்கள் பாடியதை அம்மா இன்றைக்கும் வரி விடாமல் சொல்கிறாள். டிஜே ரிசப்ஷனுக்கு இருக்கட்டும். நலங்குக்கு ஒரு மணி நேரம் அவர்கள் பெட்டியை அணைக்கச் சொல்லி நான் பேசிக்கொள்கிறேன். மாப்பிள்ளையைப் பற்றி என்னென்ன விவரம் வேண்டும் என்று எழுதுங்கள், சின்னவளுக்குத் தெரியாமல் விசாரித்துச் சொல்கிறேன்.

தை பிறக்கும் முன்பே வந்துவிடுவேன். பெட்டியில் ஐம்பது காஸூவுக்கு இடம் வைத்திருக்கிறேன். குரல் ஏறாவிட்டால் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம். போனிலேயே சுருதிப் பெட்டி இருக்கிறது, எந்தக் கட்டை என்று மட்டும் சொல்லுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்