நீ விட்டுவிடச் சொன்ன வண்டிப்பாதை

ஸ்விண்டன், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள சிதம்பரம்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தில் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அது ஏறியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். தங்கச்சியிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். சுப்புராஜை நான் விசாரித்ததாகச் சொல். பணத்தைப் பற்றி விசாரித்ததாக மட்டும் சொல்லிவிடாதே, மறுபடியும் ஊரைவிட்டுப் போய்விடுவான்.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் வெறும் வசவாகத்தான் இருந்திருக்கும். கண்மாய்க்குப் போகும் வண்டிப்பாதையை மறித்து முள்வேலி போட்டுவிட்டார்கள் என்று எழுதுகிறாய். அடுத்த வரியிலேயே, "போகட்டும், இப்போது ஊரில் யாரிடம் மாட்டுவண்டி இருக்கிறது?" என்று தீர்ப்பையும் நீயே எழுதிவிடுகிறாய். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்திய மனிதன் நீ! இன்று பகல் முழுவதும் சேற்றில் விழுந்து எழுந்துகொண்டிருந்தபோது உனக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்தது. இடுப்பு நிமிரவில்லை என்றாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடன் வேலை பார்க்கும் டேவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், தன் தேநீர்க் கோப்பையை யாரும் தொடக் கூடாது என்பானே, அவன்தான். இந்த ஊரில் தார் போடாத கிராமப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. பந்தயம் கிடையாது. வண்டிக்கு எண் பலகை, காப்பீடு, தகுதிச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். இவர்களுக்கென்று 1970இல் தொடங்கிய சங்கமே இருக்கிறது. ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் போவதில்லை, பாதையில் மணிக்கு 25 மைலைத் தாண்டுவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆறாவது ஆளுக்குக் காய்ச்சல் வந்ததால் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கிடைத்தது பழைய யமஹா செரோ, 225 சிசி. இருக்கை தாழ்வு, எடை குறைவு. "விழுந்தாலும் நீயே தூக்கிக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் டேவ் சாவியைக் கொடுத்தான். அந்த வாக்கியத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டாமா?

போனது வில்ட்ஷயரில் உள்ள சாலிஸ்பரி சமவெளிக்கு. 1897 முதல் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே நிலம் வாங்கிப் பயிற்சிக் களமாக்கி வைத்திருக்கிறது. இப்போது ஏறத்தாழ 94,000 ஏக்கர். பீரங்கி வண்டிகள் குறுக்கே வரும் என்று எச்சரிக்கைப் பலகைகள். சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று பொருள். இவ்வளவுக்கும் நடுவில் பொதுப் பாதைகள் போகின்றன. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மழையில் குழைந்த வெள்ளைச் சகதி. நம் கரிசல் சகதி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மட்கார்டில் அடைத்து நின்றதைக் குச்சியால் குத்தி எடுத்தோமே. இந்தச் சகதி நேர் எதிர். பிடித்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது.

முதல் சரிவிலேயே விழுந்தேன். அடுத்த சரிவில் நின்றுகொண்டு ஓட்டச் சொன்னார்கள், நின்றபடியே விழுந்தேன். முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவாய், போக வேண்டிய இடத்தைப் பார் என்றார்கள். அது உண்மைதான். வண்டித் தடம் ஆழமாக விழுந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது. கண்ணைத் தூரத்தில் வைத்து, முன் பிரேக்கை மறந்துவிட்டு, சீராக முடுக்கியபடி அந்தத் தடத்திலேயே போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் அது கைவந்தபோது, ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னால் வந்தவன் சொல்லித்தான் தெரியும். பெரியசாமி அண்ணனின் தயிர்ச்சட்டி நாளில் நீ எஸ்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாடினாயே, அதைவிட மோசமாக இருந்திருக்காது.

ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வழி தெரிந்தவர் முதலில் போவார். திருப்பம் வந்தால் இரண்டாவதாக வருபவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். எப்போதும் கடைசியில் வருபவர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் நின்றவர் கிளம்பலாம். நான் நின்ற ஒரு திருப்பத்தில் குதிரை மேல் ஒரு பெண்மணி வந்தார். இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும், நம் குரலைக் கேட்டால் குதிரை மிரளாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலத்தில் சட்டென்று எதுவும் வரவில்லை. "ஒன்றுமில்லை, போ தாயி" என்றேன். குதிரை நின்று பார்த்துவிட்டுப் போனது. மதுரைப் பக்கத்துத் தமிழுக்குக் கட்டுப்படும் குதிரை வில்ட்ஷயரிலும் இருக்கிறது, தெரிந்துகொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் எங்களை மறித்தார். "இது நடப்பவர்களின் பாதை" என்றார். டேவ் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தான். பச்சை நிறத்தில் கூட்டல் குறிகள் வரிசையாக ஓடின. எல்லா வாகனமும் போகலாம் என்ற உரிமை உள்ள பாதைக்கு அதுதான் அடையாளம். இங்கே மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு பொதுப் பாதையையும் சட்டப்படியான வரைபடத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்று 1949இல் ஒரு சட்டம் வந்தது. அதில் ஏறிய பாதையை நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு மறிக்க முடியாது. அந்த உரிமை எங்கிருந்து வந்தது தெரியுமா? பலவற்றுக்கு ஆதாரமே ஒரு காலத்தில் அதில் குதிரை வண்டி போனது என்பதுதான். குதிரை வண்டி போய் நூறு வருடமானாலும், பாதை பாதைதான்.

அப்படியே எல்லாம் நிலைத்துவிடவில்லை. 2006இல் வேறொரு சட்டம் வந்தது. வரைபடத்தில் ஏறாத பாதைகளில் மோட்டார் வண்டிக்கு இருந்த உரிமை, சில விலக்குகள் தவிர, அந்த மே மாதத்தோடு முடிந்தது. பதிந்தவை பிழைத்தன, பதியாதவை போயின. இன்று இங்கிலாந்தின் பொதுப் பாதைகளில் மோட்டார் வண்டி போகக்கூடியவை நூற்றுக்கு இரண்டுதான்.

வரைபடத்தைப் பார்த்த பெரியவர், "உங்களுக்கு உரிமை இருக்கிறது, சரி. இப்படி உழுதுகொண்டே போனால் பாதை இருக்குமா?" என்று கேட்டார். டேவ் பேசவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது, சிதம்பரம். சங்கத்தார் மண்வெட்டியோடு போய்ப் பள்ளங்களைச் சரிசெய்கிறார்கள், ஈரம் மிகுந்த காலத்தில் சில பாதைகளைத் தாங்களே தவிர்க்கிறார்கள் என்று பிறகு சொன்னான். டிராக்டர்களும் ஜீப்புகளும் செய்யும் சேதத்தையும் சொன்னான். ஆனாலும் அவர் நாயை இழுத்துக்கொண்டு சேற்றில் கால் வைக்க இடம் தேடி நடந்தது எனக்கு உறுத்தியது. நீ இருந்திருந்தால் அவர் பக்கம்தான் பேசியிருப்பாய்.

இன்னொரு விந்தை. பீரங்கி வண்டித் தடங்களில் தேங்கும் குட்டைகளில் ஒரு சின்ன இறால் வகை வாழ்கிறது. குட்டை வற்றினாலும் முட்டை மண்ணில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்குமாம். சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடும் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. குனிந்து வெகுநேரம் தேடினேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

அந்தச் சமவெளிக்குள் இம்பர் என்று ஓர் ஊர் இருக்கிறது, இருந்தது என்று சொல்ல வேண்டும். 1943 நவம்பரில் ஊர்க்காரர்களைக் கூட்டி, 47 நாளில் காலிசெய்யச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகள் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்களை ராணுவம் திரும்ப விடவே இல்லை. 1961 ஜனவரியில் இரண்டாயிரம் பேருக்கு மேல் திரண்டு, தடையை மீறி அந்த ஊருக்குள் போனார்கள். விசாரணை நடந்தது, ராணுவம் ஊரை வைத்துக்கொண்டது. அங்கே போகும் பாதைகளில் பொது உரிமை போய்விட்டது. வருடத்தில் சில நாள் மட்டும் திறந்துவிடுகிறார்கள், தேவாலயத்தில் வழிபாடு நடக்கிறது. நாங்கள் சுற்றுப் பாதையில் நின்று அந்தத் திசையைப் பார்த்தபோது கொடி பறந்துகொண்டிருந்தது. அவர்களுக்குக்கூட மல்லுக்கு நிற்க எதிரில் ஒரு ராணுவம் இருந்தது. நமக்கு எதிரில் இருப்பது நாலு முள்கம்பி. அதற்கே நீ "போகட்டும்" என்கிறாய்.

ஆகவே செய்ய வேண்டியதைக் கேள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார். அந்தப் புல எண்ணில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் வேலை எளிது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டியது வருவாய்த் துறையின் பொறுப்பு. தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கு. நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு. பாதை பட்டா நிலத்தின் வழியே போகிறது என்று வந்தால் கொஞ்சம் சிக்கல். அப்போதும் இருபது வருடம் தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியதை நிரூபித்தால் அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை தரும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் கைகொடுக்கும். சாட்சிக்கு உன் பெரியப்பா ஒருவர் போதும். வக்கீலை அவர் பேசவே விடமாட்டார். ஆனால் அந்த வழக்கை வேலி போட்டு ரொம்ப நாள் ஆகவிடாமல் போட வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

"ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு எதற்கு வம்பு" என்று நீ முனகுவது கேட்கிறது. மனுவில் கையெழுத்துக்குச் சுப்புராஜையும் சேர்த்துக்கொள். அவனுக்கு ஊரில் இழப்பதற்குப் பெயர் ஒன்றும் மீதமில்லை. மேலத்தெரு ஆடு மேய்க்கும் பெண்கள் இப்போது எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறார்கள் என்றும் விசாரித்து எழுது. அவர்கள் வந்து நின்றால் தாசில்தாருக்கு மாட்டுவண்டிக் கதை சொல்லத் தேவையே இருக்காது.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் புல வரைபட நகல் உன் கையில் இருக்க வேண்டும். எஸ்டியின் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து வை. இம்முறை நான்தான் ஓட்டுவேன், நீ பின்னால். தங்கச்சிக்கு இதை இப்போதே சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உன் சேது