மடிக்கணினியில் கைவைப்பதற்கு முன் இதைப் படி

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

தீபாவளிக்கு முன்பே நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கைத்தடியில்லாமல் வாசல்வரை நடக்கிறார். மற்றவற்றை நேரில் பேசுவோம். உன் மருமகன் பேச்சைக் கேட்டு மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவப்போவதாக நீ எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் நிறுவவில்லை என்று நேற்று பாஸ்கரன் தொலைபேசியில் சொன்னான். அதனால் இன்றே எழுதுகிறேன்.

நீ லினக்ஸுக்கு மாறுவது சரியான முடிவுதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. உன் கணினியின் மையச் செயலியோ (பிராசஸர்) விண்டோஸ் 11 ஏற்காத அளவுக்குப் பழையது. நன்றாக ஓடும் பொருளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆனால் லினக்ஸ் பல வடிவங்களில் கிடைக்கிறது; வழங்கல்கள் எனப்படும் அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் ஒருமுறை செய்த தவற்றை நீ செய்யக் கூடாது.

ஆர்ச் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. ஒவ்வொன்றையும் கையால் நிறுவியதில்தான் லினக்ஸ் எப்படி எழுந்து நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டேன். அந்த மகிழ்ச்சியில் தங்கையின் கணினியிலும் அதையே போட்டுக் கொடுத்தேன். ஆர்ச்சில் பதிப்பு என்று ஒன்று கிடையாது. புதிய மென்பொருள் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும், அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். டியூஷன் வேலையில் நான்கு மாதம் அதைக் கவனிக்காமல் இருந்த அவள், ஒருநாள் புதுப்பிக்க முயன்றபோது, கணினியில் இருந்த பழைய சரிபார்ப்புச் சாவிகளைக் கொண்டு புதிய பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) டிஜிட்டல் கையொப்பங்களைச் சரிபார்க்க முடியாமல் அது நின்றுவிட்டது. இணையத்தில் எங்கோ கண்ட கட்டளையைக் கொடுத்துச் சில பொதிகளை மட்டும் புதுப்பித்தாள். பாதி புதியதும் பாதி பழையதுமாக ஆன கணினி, மறுமுறை இயக்கியபோது திரைக்கே வரவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வினாத்தாள்கள் எல்லாம் உள்ளே இருந்தன. நான் மருத்துவமனையில் அம்மாவுடன் இருந்தேன். அவள் இரவெல்லாம் உட்கார்ந்து வினாத்தாள்களைக் கையால் எழுதி நகலெடுத்திருக்கிறாள். கோப்புகளைப் பிறகு மீட்டுக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் மறுவாரமே வேறொருவரிடம் சொல்லி விண்டோஸ் போட்டுக்கொண்டாள். முருகேசா, அது இன்றும் எனக்கு வலிக்கிறது. சில பொதிகளை மட்டும் புதுப்பிக்காதே, புதுப்பிக்கும் முன் அறிவிப்புகளைப் படி என்று ஆர்ச் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. படிக்க நேரமில்லாத ஒருத்தியிடம் அதைக் கொடுத்தது என் பிழை.

உன் பொறுமையைப் பற்றி எனக்குத் தெரியும். விடுதியில் வார்டனின் ரேடியோவுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நீ திறமைசாலி, மறுக்கவில்லை; ஆனால் ஒரு பொருள் முதல் தடவையிலேயே வேலை செய்யாவிட்டால் இரண்டாம் தடவை நீ எடுப்பது சுத்தியலைத்தான்.

ஆகவே உனக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் என்ற வழங்கல், அதிலும் பழைய கணினியிலும் இலகுவாக ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22, உபுண்டு என்ற வழங்கலின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும், அதுவரை நீ பெரிய மாற்றம் எதையும் எதிர்கொள்ள வேண்டாம். புதுப்பிக்கும் முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் கணினியின் அப்போதைய நிலையை ஒரு நிலைப்படமாகச் சேமித்து வைத்தால், கெட்டுப்போனாலும் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஃபெடோரா என்ற வழங்கலும் நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவே உண்டு. ஆண்டுதோறும் மேம்படுத்தும் வேலை உனக்கு ஒத்துவராது. டெபியன் என்ற இன்னொரு வழங்கலில் வைஃபை வேலை செய்யாது என்று உன் மருமகன் சொன்னது பழைய கதை: 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதற்கான ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) நிறுவியிலேயே வருகிறது. டெபியன் உனக்குப் பிடித்தால் நான் தடுக்க மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கணினி கெட்டுப்போகும் இரவில் உன் வீட்டுக்கு யார் வருவார்? உன் மருமகன் ஓசூரில் இருக்கிறான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பாஸ்கரன் ஆறு ஆண்டுகளாக மின்ட்தான் வைத்திருக்கிறான். அவன் ஒருவனுக்காகவே நீ மின்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழிலேயே கேட்டுத் தெளிய வேண்டுமானால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கும் அங்கே பதில் கிடைக்கும்.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை இயக்கி ஒரு மாலை முழுதும் பயன்படுத்திப் பார். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது, எல்லாவற்றையும் சோதித்துவிடு. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பைச் சேர்த்து, உன் தலபுராணக் கட்டுரையில் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் நீ வைத்திருக்கும் கோப்புகளை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடு. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அச்சகத்துக்கு பேஜ்மேக்கர் கோப்புகளைத்தான் இன்னும் அனுப்புகிறாய் என்றால் அதையும் முன்பே யோசித்துக்கொள். 4 ஜிபி நினைவகம் மின்ட்டுக்குப் போதும், உலாவியில் நீ திறந்துவைக்கும் முப்பது பக்கங்களுக்குப் போதாது. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போடு. எந்த வழங்கலை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

ஆர்ச்சைக் கற்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. பரணில் இருக்கும் மேசைக்கணினி 64 பிட் என்றால் அதில் போட்டுக் கற்றுக்கொள். 32 பிட் கணினிகளை ஆர்ச் 2017இலேயே கைவிட்டுவிட்டது. அது பத்துமுறை கெட்டாலும் உனக்கு ஒன்றும் குறையாது.

தை பிறந்ததும் வருகிறேன். அதற்குள் அப்பாவின் படங்களையும் கட்டுரைகளையும் வெளி வன்தட்டில் நகலெடுத்து, நகல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை மருமகனை அந்த மடிக்கணினியைத் தொட விடாதே.

அன்புடன்,
ரகு