துக்க வீட்டுல வசனம் சொல்லி வாயை அடைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன அழுத்தம் பத்தி டாக்டர் ஒருத்தர் உங்க பேப்பர்ல எழுதின கட்டுரையப் படிச்சேன், ரொம்பத் தேவையான கட்டுரை. ஆனா எங்க கிறிஸ்தவ ஜனங்களுக்குன்னு இதுல தனியா ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு, அதுக்குத்தான் எழுதுறேன்.

எங்க திருநெல்வேலிப் பக்கம் ஒரு துக்க வீட்டுல நடந்தது இது. மகன் ஆக்சிடென்ட்ல போயிட்டான், சின்ன வயசு. ஃப்ரீசர் பாக்ஸ சுத்தி எல்லாரும் கீர்த்தனை பாடிட்டிருக்காங்க, பெத்தவ அந்தக் கண்ணாடிய ரெண்டு கையாலயும் தட்டித் தட்டி "ஆண்டவரே ஏன் எடுத்தீரு, நான் என்ன செஞ்சேன்"னு கதறுறா. உடனே ஒரு அக்கா குனிஞ்சு, "அப்படிக் கேக்கக் கூடாதும்மா, சாட்சி கெட்டுப்போகும், நமக்கு விசுவாசம் இல்லன்னு ஆளுங்க நெனைப்பாங்க, கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார்னு சொல்லு"ன்னாங்க. அவ சேலைத் தலைப்ப வாயில திணிச்சிக்கிட்டா. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. அடக்கம் முடிஞ்சு போறப்ப "எவ்ளோ விசுவாசம் பாருங்க"ன்னு பேசிக்கிட்டாங்க, எனக்கு நெஞ்சே பதறிப்போச்சு.

அந்த வசனம் பைபிள்ல யோபு புஸ்தகத்துல, பிள்ளைங்களையும் சொத்தையும் ஒரே நாள்ல இழந்த யோபு சொன்னதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது 1ம் அதிகாரம், அந்தப் புஸ்தகத்துல மொத்தம் 42 அதிகாரம் இருக்கு. 3ம் அதிகாரத்துலயே அதே யோபு தான் பொறந்த நாளையே சபிக்கிறாரு, அதுக்குப் பிறகு பக்கம் பக்கமா கடவுள்கிட்ட நியாயம் கேக்குறாரு. பாக்க வந்த சிநேகிதங்க 7 நாள் ராத்திரி பகலா ஒண்ணும் பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்களே, அந்த மட்டும் நல்லாத்தான் இருந்தாங்க, வாயத் திறந்து உபதேசம் பண்ண ஆரம்பிச்சதும்தான் கெட்டுச்சு. கடைசியில ஆண்டவர், யோபு பேசின மாதிரி நீங்க என்னைப் பத்தி சரியாப் பேசலன்னு அவங்களப் பாத்துதான் சொல்றாரு. இந்த இடத்த எந்த துக்க வீட்டுலயாவது வாசிச்சு யாராவது கேட்டிருக்கீங்களா?

பைபிள்ல சங்கீதம்னு சொல்ற ஜெபப் பாட்டு மொத்தம் 150 இருக்கு, அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். 88ம் சங்கீதத்துல கடைசி வசனம் வரைக்கும் ஆறுதலே வராது, சிநேகிதனையும் தூரமாக்கிட்டீரேன்னு சொல்லி அப்படியே முடிஞ்சிடும், அதையும் எடுத்துப் போடாம வேதத்துலதான வச்சிருக்காங்க. பெரிய வெள்ளிக்கிழமை 12 மணியிலேருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேர்க்க விறுவிறுக்க உக்காந்து இயேசு சாமி சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையும் கேக்குறோம், அதுல நாலாவது வார்த்தை "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்", அதுவும் 22ம் சங்கீதம்தான். இயேசு சாமி சிலுவையில சொன்னா கண்ணீர் விடுறோம், அதையே ஒரு தாய் வீட்டுல சொன்னா அவிசுவாசம்ங்கிறோம், இது என்ன நியாயம்?

துக்கத்தையும் கோபத்தையும் முழுங்கச் சொல்ற மதம் இல்லங்க இது. யார்கிட்ட கோபமோ அவர்கிட்டயே போய்ப் பேசுங்கிறதுதான் நம்ம விசுவாசம். தூக்கம் வராத ராத்திரி 13ம் சங்கீதத்த வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, 6 வசனம்தான், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னுதான் ஆரம்பிக்கும். கடைசியில நம்பிக்கை வரும், ஆனா அன்னைக்கு உங்களால ரெண்டாம் வசனத்துக்கு மேல போக முடியலன்னா அங்கேயே நிறுத்திக்கலாம், தப்பே இல்ல, அதுவும் ஜெபம்தான்.

இன்னொண்ணு. மாசக்கணக்கா சாப்பிடாம, தூங்காம, செத்துட்டா தேவலன்னு பேசுறவங்கள உபவாசக் கூட்டத்துக்கு மட்டும் இழுத்துட்டுப் போகாதீங்க. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு கேட்டப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சு எழுந்து சாப்பிடுன்னான், அவரு சாப்பிட்டு மறுபடி படுத்துக்கிட்டாரு, தூதன் ரெண்டாந்தரமும் வந்து தட்டி எழுப்பி சாப்பிட வச்சான். மொதல்ல உடம்பப் பாத்தாங்க, பேச்சு பிறகுதான். மிஷனரிங்க ஆரம்பிச்ச வேலூர் சி.எம்.சி. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயே மனநலத்துக்குன்னு பாகாயத்துல தனி ஆஸ்பத்திரி இருக்கு, நோயாளிகூட வீட்டு ஆளும் தங்கி வைத்தியம் பாக்குற முறை அங்க ரொம்ப காலமா உண்டு. அப்புறம் மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு எப்படி சொல்றீங்க?

சபை ஐயர்மார், பாஸ்டர்மார், பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமார் எல்லாருக்கும் என் வேண்டுதல் இதுதான், துக்க வீட்டுக்குப் போனா கொஞ்ச நாளைக்கு வசனத்த விட்டுட்டு கஞ்சி கொண்டு போங்க, பக்கத்துல உக்காருங்க, அவங்க ஆண்டவர்கிட்ட சண்டை போட்டா போடட்டும். மனக்கஷ்டத்துக்கு போன்லயே ஆலோசனை சொல்ற அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, இத சபை நோட்டீஸ் போர்டுல ஆராதனை நேரத்துக்குப் பக்கத்துலயே எழுதிப் போடுங்க. ஆசிரியர் ஐயாவும் ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல இந்த நம்பர வாராவாரம் ஒரு ஓரத்துல போட்டா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
பாளையங்கோட்டை